பதினெட்டாவது நோய்

போன கிழமை என் இருமலுக்கென்று மகன் ஒரு போத்தல் பாணி மருந்து வாங்கி வந்தான். மூடியைத் திறந்ததும் பெருஞ்சீரக வாசம் வந்தது. மருந்தைக் குடிக்க முன்னரே பெட்டிக்குள் எட்டாக மடித்துக் கிடந்த கடுதாசியை எடுத்து விரித்தேன். ஒரு சீவியம் முழுக்க அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தவனுக்கு அச்சடித்த தாள் எதைக் கண்டாலும் கை சும்மா இருக்காது. கடலை சுற்றி வந்த தாளைக்கூட வாசித்துவிட்டுத்தான் எறிவேன். இந்தக் கடுதாசியில் எறும்பளவு எழுத்தில் என்ன போட்டிருக்கிறான் என்கிறீர்கள்? தலை சுற்றலாம், நித்திரை வரலாம், வாய் உலரலாம், வாகனம் ஓட்டவேண்டாம், சீனி வருத்தக்காரர் டாக்குத்தரைக் கேளாமல் தொடவேண்டாம். மருந்து செய்தவனே தன் மருந்தைப் பற்றி இவ்வளவு கோள் சொல்லியிருக்கிறான். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு ‘சீனி வருத்தக்காரர்’ என்ற இடத்தில் கண் நின்றுவிட்டது. பெருஞ்சீரக வாசமும் அந்தச் சொல்லும் ஒன்றாக வந்தால் எனக்கு அக்காவைத் தவிர வேறு யாரும் நினைவுக்கு வருவதில்லை.

உங்களுக்கு அந்தக் காலத்து மருந்து லேபல்களைத் தெரிந்திருக்காது. இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்திய சில வருடங்களைச் சொல்கிறேன். ஒரே போத்தல் தலையிடியைப் போக்கும், தேள்கடியைப் போக்கும், பரீட்சையில் மறதியைப் போக்கும், பிள்ளை இல்லாதவர்களுக்குப் பிள்ளையும் கொடுக்கும். யாழ்ப்பாணப் பட்டணத்தில் பெரியகடைக்குப் பின்னால் ஓர் ஒழுங்கைக்குள் இருந்த அச்சுக்கூடத்தில் நான் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தேன். வயது இருபத்துமூன்று. பட்டணத்திலேயே ஓர் அறையில் இருந்துகொண்டு சனிக்கிழமைகளில் பண்டத்தரிப்புக்குச் சைக்கிளில் போவேன். அங்கேதான் அக்காவும் அத்தானும் இருந்தார்கள். எனக்குத் தாய் தகப்பன் இல்லை. வீடென்றால் அக்கா வீடுதான்.

எங்கள் அச்சுக்கூடத்துக்கு வந்த வேலையில் பாதி கல்வெட்டு. கல்லில் வெட்டுவதல்ல. ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்குக் கொடுப்பதற்கு, செத்தவரின் குலம், குணம், பெருமை எல்லாவற்றையும் புலவர் ஒருவரைக்கொண்டு பாட்டாக எழுதுவித்து அச்சடிக்கிற சின்னப் புத்தகம். எங்கள் பக்கத்தில் கல்வெட்டு இல்லாமல் யாரும் முழுதாகச் சாவதில்லை. பக்கத்தைச் சுற்றிப் பூக்கரை கட்டவேண்டும். அதற்கென்று ஈயத்தில் வார்த்த பூக்கட்டைகள் இருந்தன, நகத்தளவு பூக்கள். அந்தப் பூக்களுக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. எந்த வரியாவது குறைந்து நின்றால் மிச்ச இடத்துக்கு இரண்டு பூவை வைத்து நிரப்பிவிடுவோம். பார்க்கவும் லட்சணமாக இருக்கும், யாரும் குறை சொல்லவும் மாட்டார்கள்.

இந்தப் பூக்கதையை ஏன் இவ்வளவு நீட்டுகிறேனென்று நினைக்காதீர்கள். எல்லாம் அந்தப் பூவாலே வந்த வினை.

தம்பையர் என்று ஒருவர். மலாயாவில் கிளாக்கர் வேலை பார்த்துப் பென்சனோடு ஊருக்கு வந்தவர். வெள்ளை வேட்டி, மடித்த சால்வை, தங்கப் பிரேம் போட்ட கண்ணாடி. பார்த்தவுடன் எழுந்து நிற்கத் தோன்றும். பென்சன்காரர்கள் பொழுதுபோக்குக்குக் கோயில் திருப்பணி செய்வார்கள், அல்லது அயலவனோடு வேலி வழக்குப் பேசுவார்கள். இவர் மருந்து காய்ச்சினார். பெயர் ‘சுகோதய திரவம்’. ஒரு தைமாதக் காலையில் லேபலுக்கு எழுதிய தாளோடு வந்து, நான் கோத்து முடியும்வரை பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். மருந்து தீர்க்கும் நோய்களை வரிக்கு மூன்றாக ஆறு வரி வைத்தேன். அவர் எழுதியிருந்தது பதினேழு. கடைசி வரியில் இரண்டோடு நின்றுவிட்டது. பூப்பெட்டியைத் திறந்தால் பெட்டி வெறுமை. அன்றைக்கு மானிப்பாய்ப் பக்கத்துப் பெரிய மனிதர் ஒருவரின் கல்வெட்டு முப்பத்திரண்டு பக்கத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. இருந்த பூவெல்லாம் அவரைச் சுற்றிக் கட்டுண்டு கிடந்தன.

“தம்பி, உதென்ன கடைசி வரியிலை இடம் சும்மா கிடக்கு?” என்றார் தம்பையர்.

“ரண்டு வருத்தந்தான் மிச்சம் ஐயா. பூ வைக்கலாமெண்டால் பூ இல்லை.”

“அப்பிடி விடாதையும். லேபல் குறையாக் கிடந்தால் சனம் மருந்தும் குறையெண்டு நினைக்கும். உமக்குத் தெரிஞ்ச ஒரு வருத்தத்தைப் போடும்.”

எனக்குத் தெரிந்த வருத்தம் எது? எங்கள் வீட்டில் மூன்று வருடமாக விடிந்தால் பொழுதுபட்டால் பேசுகிற வருத்தம் ஒன்றுதான். யோசிக்கவே இல்லை. கை தானாகப் போய் எழுத்தைப் பொறுக்கி எடுத்தது: சலரோகம். சீனி வருத்தத்துக்கு அப்போது எங்களூரில் அதுதான் பெயர். அளந்து வைத்தாற்போல இடத்துக்குள் போய் உட்கார்ந்தது. தம்பையர் புரூப்பைப் பார்த்து, “இப்ப நிறைவாக் கிடக்கு” என்றார். எனக்கும் வேலை சுத்தமாக முடிந்த சந்தோஷம். அவ்வளவுதான். பொய் சொல்லுகிறோமென்ற எண்ணமே இரண்டு பேருக்கும் வரவில்லை. ஒரு இடத்தை நிரப்பினோம்.

அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். உடுவில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படித்தவள். அந்தப் படிப்பு அவளுடைய நடையிலேயே தெரியும். வாய் கொஞ்சம் காரம். அத்தான் அவளுக்குப் பயந்து புகையிலைத் தோட்டத்தில் தேவைக்கு மேலேயே வேலை செய்வார் என்று ஊரில் பகிடி உண்டு. முப்பது வயதுக்குள் இந்த வருத்தம் வந்துவிட்டது. வண்டிலில் ஒவ்வொரு நாளும் ஆசுபத்திரிக்குப் போய் ஊசி போடவேண்டும். ஊசியைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். தேத்தண்ணிக்குப் பனங்கட்டி கடிக்கக்கூடாதென்றதற்கு மட்டும் அவள் டாக்குத்தரை மன்னிக்கவே இல்லை. உள்ளங்கையில் ஒரு துண்டு பனங்கட்டியை வைத்து, கடித்துக் கடித்துக் குடித்தால்தான் எங்களுக்கெல்லாம் தேத்தண்ணி. அக்கா மூன்று வருடமாக வெறுந்தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் பேணியைத் தட்டென்று வைப்பாள். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அச்சுக்கூடத்தில் வேலை மும்முரமாகி இரண்டு மூன்று சனிக்கிழமை நான் ஊருக்குப் போகவில்லை. பிறகு போனபோது அக்கா மெலிந்து, உதடு வெடித்து, செம்பும் கையுமாக இருந்தாள். தண்ணீரைக் குடித்தபடியே இருந்தாள். ஆனால் முகத்தில் ஒரு சிரிப்பு. யன்னலோரம் ஒரு போத்தல். வாசலில் நின்றபடியே கண்டேன். கோத்தவனுக்குத் தன் கோப்பு எட்டத்திலேயே தெரியும். சுகோதய திரவம்.

“ஊசிக்குப் போறேல்லையோ அக்கா?” என்று கேட்டேன்.

“இனி என்னத்துக்கு ஊசி? அத்தான் சங்கானைச் சந்தையிலை வாங்கி வந்தவர். ரண்டு கிழமையாக் குடிக்கிறன். மருந்தெண்டால் கசக்கவேணுமெண்டு ஆர் சொன்னது? இது தேன் மாதிரி.”

“ஊசியை விடாதை அக்கா. டாக்குத்தரைக் கேட்டிட்டுக் குடி.”

“உனக்கு வாசிக்கத் தெரியாதோ? இஞ்சை பார்.” போத்தலைத் திருப்பி, விரலை வைத்து, பள்ளிக்கூடத்தில் படித்த அதே கணீரென்ற குரலில் எனக்கே வாசித்துக் காட்டினாள். கடைசி வரி, மூன்றாவது சொல்.

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. வெட்கம் ஒரு பக்கம். வேலை போய்விடுமென்ற பயம் ஒரு பக்கம். அதைவிட, ஒருவேளை மருந்தில் ஏதாவது இருக்குமோ என்ற கள்ள நம்பிக்கை. நான் கோத்த பொய்யை நானே நம்பப் பார்த்தேன் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். அந்தக் கிழமை முழுக்க அச்சுக்கூடத்தில் ஒரு வரிகூடப் பிழையில்லாமல் கோக்க என்னால் முடியவில்லை. சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை வரட்டும், சொல்லிவிடுவோமென்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமைக்கு முன் அரசாங்கம் வந்துவிட்டது. லேபலில் பொய் சொல்லி மருந்து விற்கிறவர்களைப் பிடிக்கச் சொல்லிக் கொழும்பிலிருந்து கட்டளை வந்திருப்பதாகப் பெரியகடையில் கொஞ்ச நாளாகவே கதை அடிபட்டது. வியாழக்கிழமை காலை சுகாதாரப் பகுதி டாக்குத்தர் ஒருவர், காக்கிக் களிசான் போட்ட மனிதர், ஒரு பொலிஸ்காரரோடு ஒழுங்கைக்குள் வந்தார். கையில் சுகோதய திரவம். லேபலின் அடியில் எங்கள் அச்சுக்கூடத்தின் பெயர் இருந்தபடியால் நேரே வந்திருக்கிறார்.

“உந்த லேபலுக்கு எழுதித் தந்த தாள் எங்கை?” என்று முதலாளியைக் கேட்டார்.

அடித்து முடிந்த தாள்களை நாங்கள் எறிவதில்லை. சுவரில் ஒரு கம்பியில் குத்தித் தொங்கவிடுவோம். முதலாளி என்னைப் பார்த்து மெல்லக் கண்ணைக் காட்டினார். இல்லையென்று சொல் என்பது அதன் பொருள். அவர் கெட்டவரல்ல; பயந்தவர். அவருக்கு அனுசரணையாக நானும் தலையைச் சொறிந்துகொண்டு, “தேடிப் பாக்கவேணும் ஐயா” என்றேன்.

டாக்குத்தர் அலுத்துப்போய்க் கதிரையில் உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு கடுதாசியை எடுத்தார். “கொழும்பிலை பரிசோதிச்சு எழுதியிருக்கினம். இதுக்குள்ளை கிடக்கிறது பனங்கட்டிப் பாகு, பெருஞ்சீரகத் தண்ணி, கொஞ்சம் சாராயம், சிவப்புச் சாயம். வேறை ஒண்டும் இல்லை. உதைப்போய்ச் சலரோகத்துக்குக் குடிக்கச் சொன்ன ஆளை எனக்கு ஒருக்காப் பாக்கவேணும்.”

பனங்கட்டிப் பாகு. அக்கா தேன் மாதிரி என்றது காதில் கேட்டது. மூன்று வருடம் ஒரு துண்டு கடிக்க விடாமல் காத்த உடம்புக்குள் போத்தல் போத்தலாகப் பாகை ஊற்றிக்கொண்டிருக்கிறாள். ஊசியும் இல்லை. நான் கம்பியிலிருந்து தாளைக் கழற்றிக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

“அவர் எழுதினது பதினேழு ஐயா. சலரோகத்தை நான் போட்டனான். என்ரை அக்கா அதைக் குடிக்கிறா.”

முதலாளி வாயில் வெற்றிலையோடு அப்படியே நின்றார். டாக்குத்தர் என்னை ஏசுவாரென்று பார்த்தேன். ஏசவில்லை. “எத்தினை நாளா?” என்று மட்டும் கேட்டார்.

“மூண்டு கிழமை வரும்.”

“ஊசி?”

“விட்டிட்டா.”

“வெளியிலை கார் நிக்குது. ஏறும்,” என்றார்.

சுகாதாரப் பகுதி டாக்குத்தரின் சின்னக் கறுப்புக் காரில் பண்டத்தரிப்புக்குப் போனேன். முன்னால் டாக்குத்தர், பின்னால் நானும் பொலிஸ்காரரும். வழியில் கண்டவர்கள் என்னைப் பிடித்துக்கொண்டு போகிறார்களென்றுதான் நினைத்திருப்பார்கள். பிடித்திருந்தாலும் நியாயந்தான்.

அக்கா விறாந்தையில் பாயில் படுத்திருந்தாள். எங்களைக் கண்டதும் சீலையை இழுத்துப் போர்த்துக்கொண்டு எழும்பி உட்கார்ந்தாள். எழும்பியதற்கே மூச்சு வாங்கியது. டாக்குத்தர் பக்குவமாக எடுத்துச் சொன்னார்: போத்தலுக்குள் இருப்பது பாகு, குடிக்கவேண்டாம், இப்போதே ஆசுபத்திரிக்கு வாருங்கள் என்று.

“ஏன், போத்தலைப் பறிக்க வந்தனீங்களோ? அச்சிலை கிடக்கு, பாருங்கோ. பொய்யெண்டால் அரசாங்கம் அச்சடிக்க விடுமோ?”

அரசாங்கம் அதுவரைக்கும் விட்டுத்தான் இருந்தது. படியாதவர்கள் சந்தையில் மருந்துக்காரர் சொன்னதை நம்பினார்கள், பக்கத்து வீட்டுக்காரி வேண்டாமென்றால் விட்டுவிட்டார்கள். என் அக்கா படித்தவள். அவள் அச்சை நம்பினாள். அதிலிருந்து அவளை யார் பெயர்க்கிறது?

“அக்கா, அந்தச் சொல்லை நான் போட்டனான்,” என்றேன்.

“எந்தச் சொல்லை?”

“சலரோகத்தை. மருந்துக்காரர் எழுதித் தந்ததிலை அது இல்லை. கடைசி வரி நிரம்பேல்லை. பூவும் முடிஞ்சு போச்சு. அதாலை போட்டனான்.”

அவள் போத்தலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“பூ இல்லாததுக்கோ?”

“ஓம்.”

“போன சனிக்கிழமை நான் வாசிக்கேக்கை உன்ரை வாய்க்குள்ளை என்ன கிடந்தது?”

நான் அழுதுவிட்டேன். பொலிஸ்காரர் நாகரிகமாக வேலிப்பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா போத்தலைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்தாள், பாதிக்குமேல் முடிந்திருந்தது.

“நாக்குக்குத் தெரிஞ்சுதான் இருந்தது,” என்றாள். “லேபல்தான் மருந்தெண்டு சொன்னது.” பிறகு டாக்குத்தரைப் பார்த்து, “காரிலையோ போறது? நில்லுங்கோ, சீலை மாத்திப்போட்டு வாறன்.”

நிற்கமாட்டாத நிலையிலும் சுவரைப் பிடித்துக்கொண்டு போய், தலையை வாரி, நல்ல சீலை கட்டி, நெற்றிக்குத் திருநீறும் பூசிக்கொண்டுதான் வந்தாள். அவள் வாழ்க்கையில் ஏறிய முதற் கார் அது. படலையில் அயலட்டைப் பெண்கள் கூடி நின்றார்கள். அக்கா நேரே பார்த்தபடி போனாள்.

ஆசுபத்திரியில் பத்துப் பன்னிரண்டு நாள் வைத்திருந்தார்கள். முதல் நாள் ஊசி போட்டபின் அங்குள்ள டாக்குத்தர் வெளியே வந்து, இன்னும் ஒரு கிழமை போயிருந்தால் ஆளைக் காப்பாற்றியிருக்க முடியாது என்றார். மூன்றாம் நாள் அக்கா தண்ணீர்ச் செம்பைத் தள்ளி வைத்துவிட்டு, அத்தானிடம் தோட்டத்துக்கு இறைத்தாயிற்றா என்று அதட்டிக் கேட்டாள். அந்த அதட்டலைக் கேட்டபோது எனக்கு உண்டான நிம்மதியை எப்படிச் சொல்வேன்? வெளியே வந்து, மதிலில் சாய்ந்து, ஒரு கிழமைக்கு மேலாக அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டேன். அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

வழக்கு இரண்டு மாதம் கழித்து வந்தது. தம்பையரின் அப்புக்காத்து நான் கொடுத்த தாளைத் தூக்கிக் காட்டி, பதினெட்டாவது நோய் என் கட்சிக்காரர் எழுதியதல்ல, அச்சுக்கூடத்தான் போட்டது என்று வாதாடினார். நீதவான் இங்கிலீசில் ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தம்பையருக்குத் தமிழில் சொன்னார்: “மற்றப் பதினேழையும் உம்முடைய மருந்து மாற்றுமா?” தம்பையர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புக்காத்து உட்கார்ந்துவிட்டார். அபராதம் விழுந்தது. கடைகளிலும் சந்தைகளிலும் இருந்த போத்தல்களைப் பறித்து லேபல்களை எரித்தார்கள். எனக்கு எச்சரிக்கையோடு போயிற்று. தெரியாத நோய்களை இனிமேல் கோக்கக்கூடாது என்றார் நீதவான். தெரிந்த நோய் என்றபடியால்தான் ஐயா கோத்தேன் என்று சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன். சாட்சிக்கு வந்த அக்காவிடம் மருந்து எப்படி இருந்ததென்று கேட்டார்கள். “நல்ல இனிப்பு,” என்றாள். நீதிமன்றம் முழுக்கச் சிரித்தது.

திரவத்துக்குள் என்ன இருந்ததென்று சனத்துக்குத் தெரிவிக்க அரசாங்கம் ஒரு நோட்டீஸ் அடித்தது. வேலை எங்களிடமே வந்தது. நான்தான் கோத்தேன். பாகு, பெருஞ்சீரகத் தண்ணீர், சாராயம், சாயம், நான்கு வரி. கீழே மிச்ச இடம் நிறையக் கிடந்தது. அப்படியே விட்டேன். முதலாளி என்னை வேலையால் நிறுத்துவாரென்று பயந்துகொண்டிருந்தேன். நிறுத்தவில்லை. அடுத்த மாதம் சென்னையிலிருந்து இன்னொரு பெட்டி பூக்கட்டை வந்து இறங்கியது. தம்பையரும் நட்டப்படவில்லை. சாராயத்தை விட்டுவிட்டு அதே பாகைத் தண்ணீரில் கலந்து கோயில் திருவிழாக்களில் சர்பத்தென்று விற்றார். அமோகமாகப் போயிற்று. நானும் வாங்கிக் குடித்தேன். உண்மையைச் சொல்லவேண்டும், சர்பத்தென்றால் நல்ல சர்பத்துத்தான்.

அக்கா அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் இருந்தாள். ஊசியோடும் வெறுந்தேத்தண்ணியோடும் பேணியைத் தட்டென்று வைத்தபடியும் இருந்தாள். பேரப்பிள்ளை கண்டாள். என்னோடு கோபம் வரும்போதெல்லாம், “பூ இல்லாததுக்கோடா?” என்று ஒரு கேள்வி கேட்பாள்.

இப்போது அந்த ஒழுங்கையில் அச்சுக்கூடம் இல்லை. ஈய எழுத்தையெல்லாம் நிறுத்து விற்றாயிற்று. கல்வெட்டும் இப்போது கலர்ப் படத்தோடு வருகிறது. பாட்டை யாரும் வாசிப்பதாகத் தெரியவில்லை. அச்சில் கிடந்தால் பொய்யாக இராது என்று நம்பி உயிரை வைத்த மனிதர்களையும் காணோம். அந்த நம்பிக்கை போனதற்கு நான் கவலைப்படப்போவதில்லை. தன் மருந்தைத் தானே கோள் சொல்லுகிற, எட்டாக மடித்த அந்தக் கடுதாசியே போதும்.

அக்காவின் கல்வெட்டை நான்தான் கோத்தேன். அதுவே நான் கையால் கோத்த கடைசிக் கல்வெட்டு. புலவர் ‘சினமென்பதறியாத செம்மனத்தாள்’ என்று எழுதித் தந்திருந்தார். அத்தான் அதைப் பார்த்துவிட்டுத் துவாயால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரித்தாரோ அழுதாரோ தெரியாது. அந்தப் பொய்யை மட்டும் ஓரெழுத்தும் மாற்றாமல் கோத்தேன். அதை நம்பி யாரும் ஊசியை விடப்போவதில்லை. கடைசிப் பாட்டில் ஒரு வரி குறைந்து நின்றது. பெட்டியைத் திறந்து பார்த்தேன். பூ இருந்தது. இரண்டு எடுத்து வைத்தேன்.